மாஸ்க்கை மறுக்கும் மனம்

உறக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி முற்றியவர்களுக்கு மாத்திரையால் தீரும் வைத்தியம் இல்லை. இரவுதோறும் அணியும் கருவியா, கத்தியா, ஊசியா என்று அவர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் பாரத்தை மனம் எவ்விதம் சுமக்கிறது?

குறட்டையைக் கண்டு கவலைப்படும் வழக்கம் நம்மிடையே இல்லை. மத்தியான போஜனத்துக்குப் பிறகு கூடத்தில் பாய் விரித்துச் சாய்ந்த பெரியவர் வீடு அதிரக் குறட்டை விட்டால், ‘பாவம், அசந்து தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள்’ என்று குழந்தைகளை அடக்குகிறோம். கலியாண மண்டபத்தில் இரவு தங்கிய உறவினரில் ஒருவர் அவ்விதம் தூங்கினாரென்றால், மறுநாள் காலைக் காப்பியோடு அவருக்குக் கும்பகர்ணன் என்று பட்டமும் சூட்டிச் சிரிக்கிறோம். உடம்பு உரமாக இருப்பதற்கும், மனத்தில் கவலை இல்லாததற்கும், நித்திரை ஆழ்ந்து அமைந்ததற்கும் குறட்டையே அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையின் மறைவில்தான் ஒரு கொடிய வியாதி எத்தனையோ வீடுகளில் யாருடைய சந்தேகத்துக்கும் ஆளாகாமல் குடியிருந்து வருகிறது.

அதை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவனோதான். ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த குறட்டை திடீரென்று அறுந்து, பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அரை நிமிஷத்துக்கும் மேலாக மார்பும் வயிறும் மட்டும் எழுந்து தாழ்ந்து தவிக்க, காற்று உள்ளே செல்லாமல் நின்று, பிறகு ஒரு பெரிய திணறலோடு உடம்பு குலுங்கி மூச்சு திரும்புவதை அவர்கள் இருட்டில் விழித்திருந்து கவனித்திருக்கிறார்கள். நோயாளிக்கோ இதில் ஒன்றும் நினைவிருப்பதில்லை. தன் உடம்பில் நடப்பதற்குத் தான் சாட்சியாக இருக்க முடியாத விசித்திரமான வியாதி இது. மன அவஸ்தை முழுவதுக்கும் மூலகாரணம் இந்த விசித்திரமே என்று சொன்னால் மிகையாகாது.

உடம்பில் நடப்பது இதுதான். விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் சுவாசப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன; நித்திரை வந்ததும் அவை தளர்கின்றன. கழுத்து பருத்தவர்களுக்கும், கீழ்த்தாடை பின்னடைந்தவர்களுக்கும், நாக்கோ டான்சிலோ பெரிதாக அமைந்தவர்களுக்கும் அந்தத் தளர்ச்சியில் பாதை குறுகி, நனைந்துபோன காகிதக் குழலால் இளநீரை உறிஞ்சும்போது குழல் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சை இழுக்க இழுக்க அடைபட்டுப் போகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குகிறவரை அரைகுறையாக எழுப்புகிறது, பாதை திறக்கிறது, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. மூச்சு முழுவதுமாகவோ பாதியாகவோ இவ்விதம் தடைப்படுவது ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 முறை வரை நேர்ந்தால் இலேசான நோய் என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமை என்றும் வகுத்திருக்கிறார்கள். கடுமையின் கீழ்ப்படியில் நிற்பவர்கூட ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல் மூச்சுக்காகப் போராடி எழுகிறார் என்றால், அவருடைய காலை எப்படி விடியும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2019-இல் லான்செட் குழுமத்தின் சுவாச மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கணக்கீடு, 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் உலகெங்கும் 93 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களில் 42 கோடிக்கு மேற்பட்டோருக்கு அது நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பதாகவும் மதிப்பிட்டது.

ஒரு காகிதம் கொண்டுவரும் செய்தி

நோயை உறுதி செய்வதற்கு வழக்கமான வழி, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தூங்குவது. ‘ஸ்லீப் ஸ்டடி’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மாலையில் பையும் தலையணையுமாக வந்து சேர்ந்தவரை உட்கார வைத்து, தொழில்நுட்பப் பணியாளர் தலைமயிரை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி மின்கம்பிகளை ஒட்டுகிறார். கண்ணோரத்தில் இரண்டு, மோவாயில் சில, கால்களில் சில, மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, மூக்கின் கீழே ஒரு மெல்லிய குழாய், விரல் நுனியில் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமாகிவிட்ட ஆக்சிமீட்டர். அறை மூலையில் காமிரா ஒன்று விழித்திருக்கிறது. ‘இந்தக் கோலத்தில் எவனுக்குத் தூக்கம் வரும்?’ என்று அலுத்துக்கொண்டவரும், பல ஆண்டுக் களைப்பின் பலத்தால், விளக்கை அணைத்த சிறிது நேரத்துக்கெல்லாம் தூங்கிப் போகிறார். அடுத்த அறையில் கணினித் திரையில் கோடுகள் ஓடத் தொடங்குகின்றன. மூக்கில் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு தட்டையாகப் படுத்துக் கிடக்க, அதன் கீழே மார்பின் கோடும் வயிற்றின் கோடும் எதிரும் புதிருமாக அசைந்து மல்லுக்கட்டுகின்றன. சற்றுத் தாமதித்து, பிராணவாயுவின் கோடு படிப்படியாகச் சரிகிறது. உறங்குகிறவர் அறியாத அந்தப் போராட்டம் அவ்வாறு முதன்முதலாகப் பிரத்தியட்சமாகிறது.

மறுநாள் அந்தக் கோடுகள் ஓர் எண்ணாக மாறிக் காகிதத்தில் வருகின்றன. ‘கடுமை’ என்ற சொல்லைப் படித்ததும் பெரும்பாலோருக்கு முதலில் எழுவது அவநம்பிக்கை. “நான் நல்லாத்தானே தூங்கறேன், மெஷின்ல ஏதோ தப்பா எழுதியிருக்கான்” என்று கணவர் சொல்லும்போது, அதுவரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த மனைவி, “ஏங்க, நீங்க தூங்கினீங்க, நான்தான் தூங்கலை. மூச்சு நின்னா தோளைத் தட்டணுமேன்னு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கேன் தெரியுமா?” என்று கேட்பாரானால், அந்த ஒரு கேள்வி மருத்துவ அறிக்கை முழுவதையும்விட அதிகமாக அவருக்கு உண்மையை உணர்த்திவிடும். அவநம்பிக்கை அகன்றால் அடுத்து வருவது குற்ற உணர்ச்சி, அதன்பின் பயம். இத்தனை நாள் நம்பித் தலைசாய்த்த தலையணையே அபாயத்தின் இடமாகத் தோன்ற, கண்ணை மூடினால் திறப்போமா என்று விழித்துக் கிடக்கிறவர்கள் உண்டு. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் இந்த வியாதியையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டதைப் பத்திரிகைகளில் படித்துவிட்டு, அன்றிரவு நிம்மதி இழந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

இந்தப் பயத்தை அலட்சியம் செய்வதும் தவறு, வளரவிடுவதும் தவறு. அதற்கு உரிய அளவைக் கொடுப்பதே விவேகம். மூச்சு அடைபட்டால் மூளை எழுப்பிவிடுகிறது என்பதனால் இன்றிரவே ஆபத்து என்று நடுங்கவேண்டியதில்லை. ஆனால், சிகிச்சை பெறாத கடுமையான நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக நேர்ந்ததை, ஸ்பெயினில் ஆடவர்களைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. அடங்காத இரத்த அழுத்தத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு நெடுநாளாக அறியப்பட்டது. ஆபத்து ஆண்டுக் கணக்கில் சேர்வது. ஆகையால் யோசித்துத் தீர்மானிக்கச் சில வாரங்கள் உண்டு, தீர்மானிக்காமலே இருக்கச் சில ஆண்டுகள் இல்லை.

சோம்பல் என்ற பழி

1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியின் கதையை எழுதினார்கள். வணிக நிறுவன அதிகாரி ஒருவர் வாரந்தோறும் சீட்டாடுபவர். ஓரிரவு மூன்று ஆசும் இரண்டு ராஜாவுமாக அபூர்வமான சீட்டுகள் கைக்கு வந்தும், அந்தக் கணத்தில் தூங்கிப்போனதால் ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் நின்றபடியே தூங்கும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். அவனை நினைத்து அந்நிலைக்குப் பிக்விக் நோய் என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பையனைக் கண்டு வாசகர்கள் நூறு ஆண்டுக்கு மேல் சிரித்திருந்தார்கள் என்பதை இங்கே மறக்கலாகாது. பகலில் தூங்கி வழிபவனை நோயாளியாகக் காணாமல் நகைப்புக்குரியவனாகவே காண்பது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான குணம்.

பரிகாசத்துக்கு ஆளானவன் காலக்கிரமத்தில் அதைத் தானே நம்பத் தொடங்குகிறான். அலுவலகக் கூட்டத்தில் கண் சொருகுகிறது. காலையில் தலை கனக்கிறது. நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை. சிறு விஷயத்துக்கெல்லாம் குழந்தைகள்மீது எரிந்து விழுகிறான். முன்பு ஆசையாகச் செய்த காரியங்களில் நாட்டம் குறைகிறது. தாம்பத்தியத்திலும் விருப்பம் குன்றுகிறது. இவை யாவும் மனச்சோர்வு நோயின் லக்ஷணங்களோடு பெரிதும் ஒத்திருப்பதால், அந்த நோய்க்கே ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு, மூச்சின் கோளாறு கடைசியில் தெரியவருகிறவர்கள் உண்டு. உறக்கம் சரியில்லை என்று சொன்னதற்காகத் தூக்க மாத்திரை சாப்பிட்டு, அம்மாத்திரை தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, வியாதியை வளர்த்துக்கொண்டவர்களும் உண்டு. மதுவும் அதே தீங்கைச் செய்கிறது.

பெண்களின் நிலை இன்னும் பரிதாபம். குறட்டை விடும் ஆண் வேடிக்கைப் பொருள் என்றால், குறட்டை விடும் பெண் அவமானச் சின்னம். கணவன்கூட வெளியே சொல்லத் தயங்குகிறான், அவளோ மருத்துவரிடமும் மறைக்கிறாள். குறட்டையைச் சொல்லாமல், தூக்கமின்மை, களைப்பு, தலைவலி என்று மட்டும் அவள் முறையிடுவதால், ‘வயசாகுது இல்லையா’ என்ற ஒரு வார்த்தையோடு அவள் வீடு திரும்புகிறாள். மாதவிடாய் நின்ற பருவத்துக்குப் பின் பெண்களுக்கு இந்நோய் கூடுகிறது என்பதை அறிந்த குடும்பங்கள் எத்தனை?

ஆகவே, கடுமையான நோய் என்று கேட்டதும் சிலர் அழுவது வருத்தத்தால் மட்டுமன்று. ‘நான் சோம்பேறி இல்லை, என் மூச்சு நின்றுகொண்டிருந்தது’ என்று பல்லாண்டுப் பழி ஒன்று நீங்கிய ஆறுதலும் அதில் கலந்திருக்கிறது. இந்த ஆறுதலைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கும் மருத்துவர் பாதி சிகிச்சையை முடித்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

சிட்னியில் மறுத்த மனிதர்

இந்த வியாதிக்குத் தொண்டை அடைபடுவதே காரணம் என்பது 1965-இல்தான் தெளிவாயிற்று. பிரான்சின் மார்சேய் நகரிலும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலும் இரு குழுவினர் தனித்தனியே உறங்குகிறவர்களின் சுவாசத்தைப் பதிவுசெய்து கண்டார்கள். 1969-இல் ஜெர்மனியில் ஒரு வைத்தியம் வெற்றி பெற்றது; கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் நேராகக் காற்று செல்ல வழி செய்வது. அடைபடும் இடத்துக்குக் கீழே வழி திறந்துவிடுவதால் அதற்கு நிகரான பலன் அன்று வேறொன்றுக்கும் இல்லை. பகலில் துளையை மூடிக்கொண்டு பேசலாம், இரவில் திறந்துகொண்டு உறங்கலாம். ஆயினும், கழுத்திலே ஒரு துளையோடு கண்ணாடியில் தன்னைப் பார்க்கவும், மனைவி பார்க்கவும், குளிக்கும்போது நீர் புகாமல் காக்கவும், நாள்தோறும் அதைத் துடைத்துப் பேணவும் ஒருவர் சம்மதிக்க வேண்டும். பத்தாண்டுக் காலத்துக்கு மேல் கடுமையான நோயாளிகளுக்கு உலகத்தில் அந்த ஒரே வாசல்தான் திறந்திருந்தது.

1980 ஜூன் மாதத்தில் சிட்னி நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு அந்த யோசனை சொல்லப்பட்டது, அவர் மறுத்தார். மறுத்தவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அங்கே காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே சற்று அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் அந்தக் காற்றே தொண்டையைத் தாங்கித் திறந்து வைக்குமென்ற எண்ணத்தைச் சோதிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு இவர் விருப்பத்தோடு உடன்பட்டார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் காற்று வீசும்படி திருப்பி, மூக்கில் பொருந்துமாறு வார்த்த ஒரு மாஸ்க்கைப் பசையால் ஒட்டி அன்றிரவு அவரை உறங்க வைத்தார்கள். அழுத்தத்தைக் கூட்டியதும் அடைப்பு நின்றது; குறைத்ததும் திரும்பியது; மறுபடி கூட்டியதும் மறுபடி நின்றது. காலையில் அவர் தெளிவோடு எழுந்தார். 1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தோடு ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அந்தச் சிகிச்சைதான் இன்று உலகெங்கும் ‘சி-பாப்’ என்று வழங்குகிறது.

இந்த வரலாற்றில் ஒரு தர்மம் இருக்கிறது. நோயாளியின் மறுப்பு அறியாமையென்று எப்போதும் தள்ளத்தக்கதன்று. ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் கொண்டிருக்கும் நியாயமான கௌரவம் அதில் பேசக்கூடும். ஆனால் அந்தத் தொழிலாளி மறுத்தது ஒரு வழியைத்தான், வைத்தியத்தையே அன்று. ‘இது வேண்டாம்’ என்றவரின் மனத்தில், ‘வேறு என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி இருந்திருக்க வேண்டும். இன்றும் மாஸ்க்கை மறுக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எழுந்துபோய்விடுகிறவர்களே அவர்களில் இழப்புக்கு ஆளாகிறவர்கள்.

மாஸ்க்கும் மானமும்

கழுத்துத் துளையோடு ஒப்பிட்டால் மாஸ்க் ஓர் அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் 45 வயதில், ‘இதை ஆயுள் முழுவதும் இரவுதோறும் அணிய வேண்டும்’ என்று கேட்பவருக்கு அது அற்பமன்று. முதல் இரவில் பட்டைகள் கன்னத்தை அழுத்துகின்றன, ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் படுகிறது, வாய் உலர்கிறது, மூச்சை வெளியே விடும்போது எதிரே காற்று முட்டுகிறது, சிலருக்கு அடைபட்ட அறையில் மாட்டிக்கொண்ட பீதி எழுந்து, நள்ளிரவில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு வியர்த்து உட்கார்கிறார்கள். 2020, 2021 ஆண்டுகளில் உற்றாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைப்போன்ற கருவியோடு கடைசியாகப் பார்த்த குடும்பங்களுக்கு, அது சாவின் நினைவைக் கொண்டுவராமல் எப்படி இருக்கும்? ‘அப்பாவுக்கு என்ன ஆச்சு?’ என்று குழந்தை கேட்கிறது. கலியாணம் நிச்சயமாகாத இளைஞன், பெண் வீட்டாரிடம் இதைச் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கிறான். ஊருக்குப் போனால் உறவினர் நடுவே எப்படி அணிவது, இரவு ரயிலில் எதிர்ப் பலகைக்காரர் என்ன நினைப்பார், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று சங்கோசமும் சங்கடமும் மாறி மாறி வருகின்றன. கருவியின் விலை நடுத்தரக் குடும்பத்தைத் திகைக்க வைப்பது; வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவிக்கு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பணம் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால் உலகெங்கும் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, பழகிப்போனவர்களின் நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

இத்தனையையும் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்ற இரண்டு சொற்களில் மருத்துவக் குறிப்பில் எழுதி முடித்துவிடுவது அநியாயம். அந்த நோயாளி இழந்தது சிறிதன்று. படுத்தால் உறங்கிவிடலாம் என்ற, குழந்தைப் பருவம் முதல் தனக்குச் சொந்தமாயிருந்த ஒரு சுதந்திரம் அது. அதற்காகத் துக்கப்பட அவருக்கு உரிமை உண்டு.

கத்தி, கம்பி, ஊசி

மாஸ்க் வேண்டாமென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. எதுவும் இலவசமாக வருவதில்லை. உள்நாக்கையும் மேலண்ணத்தின் மென்சதையையும் குறைத்துத் தைக்கும் அறுவை 1981-இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பிரபலமடைந்தது. தேர்ந்தெடுக்காமல் எல்லாருக்கும் செய்தபோது பாதிப்பேருக்குக்கூட நோய் போதிய அளவு தணியவில்லை என்பதும், தொண்டை வலி கடுமையானது என்பதும் பின்னர்த் தெரிந்தன. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்தும் பெரிய அறுவை அதைவிட மிகுந்த பலன் தருவது. ஆனால் முகத்தின் தோற்றம் மாறும், உதட்டிலும் மோவாயிலும் உணர்ச்சி மரத்துப்போவது நெடுநாள் நீடிக்கலாம். தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் பல்கருவி இலேசான நோய்க்கு நல்லது. கடுமையான நோயில் மாஸ்க்கை அறவே தாங்காதவர்களுக்கு ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

மார்பில் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியைப் பதித்து, கம்பியின் வழியே நாக்கின் நரம்பைத் தூண்டி, மூச்சிழுக்கும்போதெல்லாம் நாக்கை முன்னே தள்ளும் முறைக்கு அமெரிக்க அரசு 2014-இல் அனுமதி தந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஆய்வில், மாஸ்க்கைத் தாங்க முடியாத 126 பேருக்கு அதைப் பதித்ததில், மணிக்கு 29 அடைப்புகள் என்ற நடுமதிப்பு ஓராண்டில் 9 ஆகக் குறைந்தது. எல்லாத் தொண்டைக்கும் அது பொருந்தாது; அதன் விலையோ நம் நாட்டில் மிகச் சிலருக்கே எட்டுவது. உடல் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அடைப்புகள் ஏறக்குறையக் கால் பங்கு குறையும் என்று 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு கண்டது. எடையைக் குறைக்கும் ‘டிர்ஸெபடைட்’ ஊசிக்கு, உடல் பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு உரிய முதல் மருந்தாக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. மெலிந்த தேகத்தோடு தாடை அமைப்பால் மூச்சடைபடுகிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஆக, ஒன்று கழுத்தைக் கேட்கிறது, ஒன்று முகத்தைக் கேட்கிறது, ஒன்று பணத்தைக் கேட்கிறது, ஒன்று காலத்தைக் கேட்கிறது, மாஸ்க்கோ படுக்கையறையின் அந்தரங்கத்தைக் கேட்கிறது. எதைக் கொடுக்க முடியும் என்பது மருத்துவரைவிட நோயாளிக்கே நன்றாகத் தெரியும். கொடுத்தால் என்ன கிடைக்கும், கொடுத்தபின் திரும்பப் பெற முடியுமா என்பதை மருத்துவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாஸ்க்கை நாளைக்கே கழற்றி வைத்துவிடலாம், அறுத்த எலும்பை அப்படிச் செய்ய இயலாது. திரும்பி வரக்கூடிய வழியை முதலில் நேர்மையாக முயன்று பார்ப்பதே நியாயம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

முதல் வாரமும் இரண்டு மணி நேரமும்

நேர்மையாக முயல்வது என்றால் என்ன? 1997-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, கருவியைத் தொடர்ந்து அணியப்போகிறவர் யார், விட்டுவிடப்போகிறவர் யார் என்பது முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடுவதைக் கண்டது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் நூறு பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு மணி நேரமாக இரண்டே முறை கூட்டமாக உட்கார வைத்து, நோயைப் பற்றியும், மாஸ்க்கைப் பற்றிய பயங்களைப் பற்றியும், ஏற்கெனவே பழகியவர்களின் அனுபவங்களைப் பற்றியும் பேசினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் மற்றப் பிரிவினரைவிட இரவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதிகமாகக் கருவியை அணிந்துகொண்டிருந்தார்கள். வித்தியாசத்தை உண்டாக்கியவை பேச்சும் துணையுமே.

அந்தப் பேச்சிலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில உபாயங்கள் உண்டு. உறங்கப் போகும்போதுதான் மாஸ்க்கைத் தொட வேண்டும் என்பதில்லை. பகலில் செய்தி பார்க்கும்போது குழாயை மாட்டாமல் சிறிது நேரம் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டிருக்கலாம், பிறகு பட்டையோடு, பிறகு காற்றோடு, பிறகு மத்தியானச் சிறு தூக்கத்தில் என்று படிப்படியாக முன்னேறினால் பீதி தணிகிறது. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையில் மட்டும் பொருந்துவது, வாயையும் மூடுவது என்று வகைகள் உண்டு. ஒன்று சரிப்படவில்லை என்பதால் எல்லாம் சரிப்படாது என்று முடிவு கட்டலாகாது. வாய் உலர்ந்தால் காற்றை ஈரமாக்கும் பகுதியைச் சேர்க்கலாம். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி அமைக்கலாம். வாங்குவதற்கு முன் மாத வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் உதவும். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தனியே சிகிச்சை பெற வேண்டும். மூச்சு சரியானால் மனம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது எல்லாருக்கும் பலிப்பதில்லை.

பலனைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேசுவதே நல்லது. ஏற்கெனவே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ளவர்கள் 2,700-க்கு மேற்பட்டோரைச் சேர்த்து 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சி-பாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாக நிரூபணமாகவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூட அதை அணியவில்லை. பகலில் மிகுதியாகத் தூங்கி விழுகிறவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வின் குறிகள் தணிந்தன. ஆயுளை நீட்டும் என்ற வாக்குறுதியைவிட, நாளையப் பகலைத் திருப்பித் தரும் என்ற சொல்லே நோயாளிக்கு உண்மையானதும் உதவியானதும் ஆகும்.

பகல் என்பது நோயாளிக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2013 டிசம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில், 48 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு பயணி ரயில் பாய்ந்து தடம்புரண்டு நால்வர் மாண்டார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார், அவருக்குக் கடுமையான உறக்க மூச்சடைப்பு இருந்தது விபத்துக்குப் பின்னரே தெரிந்தது. லாரியும் பேருந்தும் ஓட்டுகிறவர்கள், இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புகிறவர்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற வரையில் வண்டியைத் தொடாமல் இருப்பது சிகிச்சையின் ஓர் அங்கம்.

ஆகையால் மூவருக்கு மூன்று வேண்டுகோள். மருத்துவர்களே, கருவியின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், முதல் வாரத்தில் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். குடும்பத்தாரே, குறட்டையைச் சிரிப்புக்கு உரியதாகக் கொள்ளாதீர்கள். மாஸ்க் அணிந்தவரை வேடிக்கை பார்க்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உடன் சென்று, இரவில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், அதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. நோயுற்றவர்களே, கோபமும் துக்கமும் சங்கோசமும் உங்களுக்கு நியாயமானவை. ஒரு வழியை மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்துவிட்டு எழுந்திருக்கும் முன், ‘வேறு என்ன இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரையில் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.